டான்ஸ்போர்க் கோட்டையின் கிழக்கு முகம்: சேலத்திலிருந்து சென்ற இரண்டு விடியற்காலைப் பயணங்கள்

சேலத்தில் உள்ள ஒரு பள்ளியின் நூலகச் சுவருக்காக, தரங்கம்பாடியிலுள்ள டான்ஸ்போர்க் கோட்டையைப் பொழுது புலரும் நேரத்தில் படமெடுத்துத் தருவதாக நாங்கள் நால்வர் ஒப்புக்கொண்டோம். நால்வரில் ஒருவர் வரலாற்று ஆசிரியர், ஒருவர் ஏற்காட்டில் காப்பித் தோட்டமொன்றில் கணக்கு எழுதுபவர், ஒருவர் அம்மாபேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் இளைஞர், நான்காவது நான். கேட்கப்பட்டது 24 அங்குல அகலத்தில் ஒரு பெரிய படமும் அதைச் சுற்றி ஐந்து சிறிய படங்களும். அந்தப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் இன்னும் கடலைப் பார்த்ததில்லை. கோட்டை என்றால் அவர்கள் மனத்தில் வருவது சங்ககிரிதான். பாறை மலையின்மேல் அடுக்கடுக்காக ஏறிச் செல்லும் மதில்தான். மணலும் அலையும் தொடும் சமதரையில், வருகிற கப்பலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு கோட்டை எப்படி இருக்கும் என்பதை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று நாங்கள் உண்மையாகவே ஆசைப்பட்டோம்.

ஜனவரி நடுவில் சென்ற முதல் பயணம் தோற்றது. பிப்ரவரி நடுவில் சென்ற இரண்டாவது பயணத்தில் படம் கிடைத்தது. இரண்டு முறையும் கேமராக்களும் லென்ஸ்களும் அவையே, வானமும் பெரும்பாலும் தெளிவாகவே இருந்தது. ஆகவே மாறியது எது என்பதை வரிசையாக எழுதி வைப்பது, கடலோரக் கோட்டையை விடியலில் எடுக்கச் செல்லும் உள்நாட்டுக்காரர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

முதல் காலை

பொங்கல் விடுமுறையில் ஆத்தூர், பெரம்பலூர், அரியலூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறைக்குச் சென்று, அங்கேயே ஏசி அறை எடுத்துத் தங்கினோம். தரங்கம்பாடியில் அன்று சூரிய உதயம் ஏறத்தாழ 6.34. ஐந்தரை மணிக்குக் கிளம்பினால் போதும் என்பது எங்கள் கணக்கு. அந்தக் கணக்கு சேர்வராயன் மலையில் கற்ற பழக்கத்திலிருந்து வந்தது. ஏற்காட்டில் கிழக்கே பார்க்கும் இடங்களில் எதிரே உள்ள முகடுகளும் பள்ளத்தாக்கின் பனிமூட்டமும் சூரியனை மறைத்து வைத்திருப்பதால், பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் நேரத்துக்குச் சற்றுப் பிந்தி வந்தாலும் ஒன்றும் இழக்க நேராது. கடலில் அந்தச் சலுகை இல்லை. அடிவானத்தில் மறைப்பு ஏதும் இல்லாததால் சூரியன் சொன்ன நிமிடத்தில் வந்துவிடுகிறது. நம் அட்சரேகையில் அது ஏறக்குறைய செங்குத்தாகவே மேலே ஏறுவதால், முழு வட்டமும் நீரைவிட்டு வெளியே வர இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை.

நாங்கள் 6.20க்குக் கோட்டை மைதானத்தில் இறங்கியபோது, அந்தக் காலையின் நீல வெளிச்சத்தில் ஒரு பகுதி முடிந்திருந்தது. அத்தோடு, இரவெல்லாம் ஏசி அறையில் குளிர்ந்துகிடந்த லென்ஸ்கள் கடற்காற்றின் ஈரத்தில் வெளியே எடுத்தவுடன் பூத்துப்போயின. துடைக்கத் துடைக்க மீண்டும் ஆவி படிந்தது. குளிர்ந்த கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை துணியால் துடைப்பது வீண்வேலை என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. பத்து நிமிடங்கள் அதிலேயே கழிந்தன.

பிறகு செய்ததுதான் முக்கியமான பிழை. நான்கு பேருமே நிலத்தின் பக்கம், கோட்டைக்கு வடமேற்கே நின்று, கேமராவைத் தென்கிழக்கே எழும் சூரியனை நோக்கித் திருப்பினோம். யாரும் யாரிடமும் கேட்கவில்லை; கால்கள் தாமாகவே அங்கே போய் நின்றன. விடியலைப் படமெடுப்பது என்றால் சூரியனைப் படமெடுப்பது என்று எங்களுக்குள் ஊறியிருந்தது. வானத்துக்கு ஏற்றபடி எக்ஸ்போஷர் வைத்தால் கோட்டை கரிக்கட்டையாக மாறியது. கோட்டைக்கு ஏற்றபடி வைத்தால் வானம் வெளுத்துக் காகிதமாயிற்று. வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் எடுத்த மூன்று படங்களைக் கணினியில் ஒன்றாக இணைத்துப் பார்த்தோம். சுவரில் வெயிலே விழாதபோது அந்த இணைப்பால் வந்தது சாம்பல் நிறம் மட்டுமே. கதவு திறக்கும் நேரத்துக்கு முன்பே நாங்கள் கிளம்பிவிட்டதால் உள்ளேயும் எதையும் பார்க்கவில்லை. ஏறத்தாழ 340 படங்களுடன் சேலம் திரும்பினோம்.

அச்சைப் பார்த்தபோது

தேர்ந்தெடுத்த எட்டுப் படங்களைச் சிறிய அளவில் அச்சிட்டு, ஸ்டுடியோவின் பின்னறையில் மேசைமேல் பரப்பினோம். நிறத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. செந்நிற வானம், கறுத்த மதில், ஓரத்தில் ஒரு காகம். வரலாற்று ஆசிரியர் ஒவ்வொன்றையும் கையிலெடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இது எந்தக் கோட்டையாக வேண்டுமானாலும் இருக்கலாமே.”

அந்தச் சொல்லுக்கு எங்களிடம் பதில் இல்லை. டான்ஸ்போர்க் ஒரு கறுத்த வடிவம் அல்ல. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கருடன் 1620 நவம்பரில் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஓவே கியெட்டே என்ற டேனிஷ் கப்பற்படைத் தலைவர் கட்டத் தொடங்கிய வணிகக் கோட்டை அது. மிளகு வாங்க வந்தவர்கள் கட்டியது. கடல் பக்கத்தில் நீளும் இரண்டடுக்குக் கட்டடம், கீழே சரக்கறைகளும் சிறையும், மேலே ஆளுநரின் இருப்பிடமும் வழிபாட்டு அறையும், செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர், அதன்மேல் வெளிறிய மஞ்சள் பூச்சு. இவற்றில் ஒன்றுகூட எங்கள் படங்களில் தெரியவில்லை. 1845இல் பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்கப்படும்வரை, இரண்டேகால் நூற்றாண்டு டேனிஷ்காரர்களின் இருப்பிடமாக விளங்கிய இடத்தை நாங்கள் ஒரு நிழலாக்கிக் கொண்டுவந்திருந்தோம். நிழலுருவப் படம் அழகானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கட்டடத்தை அதை அறியாத பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யும் வேலையை அந்த வகைப் படம் செய்யாது.

அப்போதுதான் முதல் காலையில் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு மீனவர் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. நாங்கள் மைதானத்தில் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்துவிட்டு அவர் அருகே வந்து, “கோட்டையப் பாக்கணும்னா கடல்லேர்ந்து பாக்கணும் தம்பி. நாங்க கரைக்குத் திரும்பறப்ப வெயில் பட்டு அதுதான் மொதல்ல தெரியும்” என்றார். நான் “சரிங்கண்ணே” என்று சொல்லிவிட்டு மறுபடி சூரியன் பக்கமே திரும்பிவிட்டேன். படகில் போகச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். அவர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லியிருந்தார்.

சோழமண்டலக் கரை கிழக்கே பார்த்த கரை. இங்கே கடல்வழி வந்த வணிகர்களும் சூரியனும் ஒரே திசையிலிருந்துதான் வருகிறார்கள். வரும் கப்பலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுப்பப்பட்ட முகப்பு விடியலின் முதல் வெயிலையும் வாங்கிக்கொள்கிறது. ஆகவே கோட்டையின் முகத்தைப் பார்க்க விரும்புகிறவர் சூரியனுக்கு முதுகையோ தோளையோ காட்டி நிற்க வேண்டும். மேற்குக் கரையில் கடலோரக் கோட்டைகளை எடுப்பவர்களுக்கு இது தலைகீழ். அங்கே விடியல் வெயில் நிலத்தின் பக்கத்திலிருந்து வருவதால் கடல்முகப்பு நிழலில் இருக்கும், மாலைதான் அவர்களின் நேரம். இவ்வளவு எளிய செய்தியை 340 படங்கள் எடுத்த பிறகு உணர்ந்தோம்.

திசையும் நிமிடமும்

அடுத்து ஒரு காகிதத்தில் கோட்டையின் வரைபடத்தை வைத்துத் திசைகளைக் குறித்தோம். தரங்கம்பாடி ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அந்த இடத்தில் சூரியன் எழும் புள்ளி, வடக்கிலிருந்து வலமாக அளந்தால், ஜூன் மூன்றாம் வாரத்தில் 66 பாகையிலும் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் 114 பாகையிலும் இருக்கும். இடைப்பட்ட மாதங்களில் இந்த 48 பாகை இடைவெளியில் போய்வரும். ஜனவரி நடுவில் அது சுமார் 112, பிப்ரவரி நடுவில் சுமார் 103. சமநாட்களான மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் நேர்கிழக்கு.

இதன் பொருள் என்னவென்றால், பிப்ரவரியில் கோட்டையின் கிழக்குச் சுவரில் வெயில் கிட்டத்தட்ட நேராக விழும். வடக்குச் சுவர் நிழலில் இருக்கும். கோட்டைக்கு வடக்கே, மாசிலாமணிநாதர் கோயில் பக்கத்துக் கடற்கரையில் நின்று தென்தென்மேற்காகப் பார்த்தால், ஒளிபட்ட ஒரு முகமும் நிழலிலுள்ள ஒரு முகமும் ஒரே சட்டத்துக்குள் வரும். அந்த இரண்டு தொனிகள்தான் கட்டடத்துக்குப் பருமனைத் தருகின்றன. சூரியன் அப்போது நமக்கு இடது தோளுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால் லென்ஸுக்குள் நேரே வெளிச்சம் பாயாது. கடல் படத்தின் இடது பக்கத்தில் வரும். எங்களுக்கு வேண்டியது அத்தனையும் அந்த ஒரு நிற்குமிடத்தில் இருப்பதாகக் காகிதம் சொன்னது.

நேரக் கணக்கையும் திருத்தினோம். உதயத்துக்கு ஏறத்தாழ 22 நிமிடம் முன்பு சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஆறு பாகையில் இருக்கிறது; அங்கிருந்துதான் நீலம் இளகத் தொடங்குகிறது. உதயத்துக்குப் பின் சூரியன் ஏறத்தாழ நான்கேகால் நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் ஏறுகிறது. அதாவது கால் மணி நேரத்தில் மூன்றரை பாகை. அதற்குமேல் சுவரின் பொன்னிறம் வேகமாக வெளுக்கும். ஆக மொத்தம் ஏறத்தாழ 40 நிமிடங்கள், அதில் பாதி சூரியன் தெரிவதற்கு முன்.

மலையில் ஒத்திகை

காகிதத்தில் சரியாக வருவதைக் கையால் செய்து பார்க்காமல் மறுபடி அவ்வளவு தூரம் போக எனக்கு மனமில்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருட்டோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏற்காட்டின் கிழக்குப் பக்கத்திலுள்ள பகோடா பாயிண்ட்டுக்குப் போனோம். அங்கே கற்களை அடுக்கிக் கூம்பாக எழுப்பிய குவியல்கள் இருக்கின்றன. கோட்டைச் சுவருக்கு அவை போதுமான மாற்றாகத் தோன்றின. முதலில் பழைய வழக்கப்படி குவியலுக்கு மேற்கே நின்று கிழக்கே பார்த்து எடுத்தோம். பிறகு பக்கவாட்டில், சூரியன் இடது தோள் பக்கம் வரும்படி நின்று எடுத்தோம். இரண்டாவது வகையில் ஒவ்வொரு கல்லும் தனித்தனியே எண்ணக்கூடிய தெளிவோடு வந்தது. தோட்டத்து நண்பர் திரையைப் பார்த்துவிட்டு, “பத்து வருஷமா இங்க வர்றேன், இந்தக் கல்லோட நிறம் இதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது” என்றார்.

ஒத்திகையில் இன்னொன்றும் புலப்பட்டது. கேமராவைத் தானியங்கி ஒயிட் பேலன்ஸில் விட்டிருந்தவரின் படங்களில் விடியலின் மஞ்சள் பாதி காணாமல் போயிருந்தது. அந்த அமைப்பு எந்த வெளிச்சத்தையும் நடுநிலை வெண்மைக்கு இழுக்கப் பார்க்கிறது. பகல் வெயில் அமைப்பில், 5200 முதல் 5500 கெல்வினில், நிலையாக வைத்திருந்தவரின் படங்களில் நீலம் நீலமாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் இருந்தது. கேமரா பதிந்ததை மாற்றாமல் வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் களத்தில் திரையில் தெரியும் நிறத்தை நம்பித்தான் நாம் அடுத்த படத்தைத் தீர்மானிக்கிறோம். அங்கேயே தவறான நிறம் தெரிந்தால் தீர்மானமும் தவறிப்போகிறது.

இரண்டாவது காலை

பிப்ரவரியில் தரங்கம்பாடிக்குள்ளேயே தங்கினோம். முந்தைய நாள் பகலில் முதன்முறையாகக் கோட்டைக்குள் சென்று பார்த்தோம். தமிழ்நாடு தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள அருங்காட்சியகத்தைச் சுற்றிவந்து, எந்தச் சன்னல் எந்த அறையுடையது என்று ஆசிரியர் விளக்கக் கேட்டபின், மறுநாள் எதை எடுக்க வேண்டும் என்பதில் இருந்த மயக்கம் நீங்கியது. மாலையில் வடக்குக் கரையில் நடந்து, டிரைபாட் நிற்கும் இடங்கள் மூன்றைக் காம்பஸ் வைத்துக் குறித்தோம். இருட்டில் பாறைகளுக்கிடையே தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அந்தக் கரையில் நிற்கும்போது கோயிலைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 வாக்கில் எழுந்த கோயில் அது. அதன் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்று வருகிறது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது அலைதடுக்கப் போட்ட கற்களுக்குப் பின்னால் மிச்சம் நிற்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்த ஊர் இழந்த உயிர்களை இங்குள்ளவர்கள் இன்னும் குடும்பம் குடும்பமாகச் சொல்கிறார்கள். அலை என்பது வெளியூர்க்காரருக்குப் படத்தின் ஓர் உறுப்பு. இங்குள்ளவர்களுக்கு அது வேறு. அதனால் மனிதர் முகம் தெரியும் எந்தப் படத்தையும் கேட்காமல் எடுப்பதில்லை என்று முன்னிரவே பேசி முடிவு செய்துகொண்டோம்.

இரவில் கேமராப் பைகளை ஏசி இல்லாத வராந்தாவில் வைத்தோம். கூடுதல் காவலாக ஒவ்வொரு லென்ஸும் காற்றுப் புகாத பாலிதீன் உறையில் இருந்தது. ஈரம் உறைக்கு வெளியே படியுமே தவிர கண்ணாடியில் படியாது. காலை 5.40க்கு இடத்தில் நின்றோம். உதயம் 6.33.

6.13க்கு முதல் படம். வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும் இன்னும் ஒரே நீலத்தில் இருந்தன. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 100, எஃப் 8 (லென்ஸின் துளையளவு), 15 விநாடி. அவ்வளவு நேரம் ஷட்டர் திறந்திருந்ததால் அலைகள் பனிபோலக் கரைந்து, கட்டடம் மட்டும் அசையாமல் நின்றது. 6.21க்கு அதே துளையளவில் 2 விநாடியே போதுமானதாக இருந்தது. எட்டு நிமிடத்தில் வெளிச்சம் ஏழு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. இதைக் கவனிக்காமல் ஒரே அளவில் எடுத்துக்கொண்டே போனால் படங்கள் வரிசையாக வெளுத்துப்போகும். ஒவ்வொரு படத்துக்குப் பின்னும், வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்ப்பது என்ற ஒழுங்கை இளைஞர் மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். 6.33க்குக் கால் விநாடி.

சூரியன் வந்ததை நாங்கள் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். மேல்தளத்தின் விளிம்பில் ஒரு மெல்லிய வெளிச்சக்கோடு தோன்றி, இளஞ்சிவப்பாகக் கீழிறங்கி, சன்னல்களின் ஓரங்களைத் தொட்டு, அடித்தளம்வரை வந்து, அங்கே பொன்மஞ்சளாக நின்றது. அடிவானத்துக் கடல்மூட்டம் காரணமாக இது நான்கைந்து நிமிடங்கள் நீடித்தது. 6.43க்கு, எஃப் 8, முப்பதில் ஒரு விநாடி: பெரிய அச்சுக்குத் தேர்வானது இந்தப் படம்தான். கிழக்கு முகத்தின் பூச்சு, அதில் அங்கங்கே தெரியும் செப்பனிட்ட தடங்கள், நிழலில் குளிர்ந்த நீலமாக நிற்கும் வடக்கு மதில், இடப்பக்கம் நுரையின் வெண்கோடு எல்லாம் அதில் இருக்கின்றன. அன்று வாடைக்காற்று மெதுவாக வீசியதால் அலைத்திவலை எங்கள் பக்கம் குறைவாகவே வந்தது. ஆயினும் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒருமுறை முன்கண்ணாடியை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, பிறகு உலர்துணியால் துடைத்தோம். உப்பை உலர்துணியால் மட்டும் தேய்த்தால் கண்ணாடியின் மேற்பூச்சில் கீறல் விழும். டிரைபாட் கால்களை அறைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தோம்.

6.50க்குமேல் எடுத்த எதுவும் தேர்வுக்கு வரவில்லை.

எதை விட்டோம், எதை வைத்தோம்

படத்தின் கீழ் ஓரத்தில் மணலில் கிடந்த பிளாஸ்டிக் உறைகளும், ஒரு மூலையில் மின்விளக்குக் கம்பமும் இருந்தன. கணினியில் அழிப்பது சில நிமிட வேலை. நீண்ட விவாதத்துக்குப் பின் கம்பத்தை வைத்துக்கொண்டோம். உறைகள் தெரிந்த கீழ்ப்பகுதியைச் சட்டத்துக்கு வெளியே வெட்டினோம். இந்தத் தீர்வு எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. வெட்டுவதும் ஒருவகையில் மறைப்பதுதான் என்று ஆசிரியர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இல்லாத மணலை வரைந்து நிரப்புவதைவிட, இருப்பதில் ஒரு பகுதியைக் காட்டாமல் விடுவது குறைந்த பிழை என்பது என் எண்ணம்.

கரையில் இழுத்துவைத்திருந்த ஃபைபர் படகு ஒன்று முன்னணியில் வந்தது. முதலில் இடைஞ்சலாகத் தோன்றிய அது, கோட்டை எவ்வளவு பெரியது என்பதற்கு அளவுகோலாக அமைந்துவிட்டது. ஐந்து சிறிய படங்களில் நீல நேரத்துப் படமொன்று, கோயிலின் மிச்சம், உட்புற முற்றம், சுவர்ப்பூச்சின் அண்மைத் தோற்றம் ஆகியவை இடம்பெற்றன. ஐந்தாவதாக முதல் காலையின் நிழலுருவப் படத்தையே வைத்தோம். பெரிய படத்தில் கட்டடத்தின் முகத்தைப் பார்த்துவிட்ட கண்ணுக்கு, அந்தக் கறுத்த வடிவமும் இப்போது டான்ஸ்போர்க்காகவே தெரிகிறது.

படங்கள் நூலகத்தில் மாட்டப்பட்ட வாரத்தில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வடக்கு மதிலின் நிழலைச் சுட்டிக்காட்டி, “இந்தப் பக்கம் என்ன இருக்கிறது, ஏன் சரியாகத் தெரியவில்லை?” என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறாள். பிப்ரவரி வெயில் அந்தச் சுவரைத் தொடாது. ஜூன் மூன்றாம் வாரத்தில் சூரியன் 66 பாகையில் எழும்போது, அந்த மதிலின்மேல் வெயில் உரசிக்கொண்டு சாய்வாகப் போகும். பூச்சின் ஒவ்வொரு மேடுபள்ளமும் நிழல் விழுந்து தெரிய வேண்டும். அப்போது உதயம் 5.50 வாக்கில். நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் கச்சான் காற்றுக் காலம் என்பதால் கரையோரக் கடலும் அடங்கியிருக்கும் என்று மீனவர்கள் சொல்கிறார்கள். 20ஆம் தேதி இரவே தரங்கம்பாடியில் தங்குவதென்று பேசிவைத்திருக்கிறோம்.